எம்மி விருது வாங்கிய தொடர் என்றால் நம்பிப் பார்க்கலாமா?

நம்பலாம். ஆனால் எந்த எம்மி, எதற்குக் கொடுத்த எம்மி என்று இரண்டு கேள்வி கேட்டுக்கொண்டு நம்பவேண்டும்.

கேள்வி கேட்டவர் விளக்கத்தில் சொல்லியிருப்பது இது: 'இத்தனை எம்மி வென்ற தொடர்' என்று ஓடிடியில் போட்டிருப்பதைப் பார்த்து உட்காருகிறார், இரண்டாவது எபிசோடிலேயே கொட்டாவி வருகிறது, அப்படியானால் இந்த விருதுக்கு என்னதான் மதிப்பு? நியாயமான எரிச்சல். நானும் சில வருடங்கள் 'சிறந்த தொடர்' வாங்கியதையெல்லாம் வரிசையாகப் போட்டுப் பார்த்திருக்கிறேன். முடித்ததைவிடப் பாதியில் விட்டதுதான் அதிகம். இப்போது வழக்கம் மாறிவிட்டது. ஜூலையில் பரிந்துரைகள் வெளியானதும் மற்றதையெல்லாம் தாண்டிப் போய், எழுத்துக்கான பரிந்துரைகளை மட்டும் பார்ப்பேன். டிராமா, காமெடி, குறுந்தொடர் மூன்றுக்கும் தனித்தனியாக எழுத்து விருது உண்டு. அந்த மூன்றிலும் இருக்கும் பெயர்கள்தான் அடுத்த ஒரு வருடத்துக்கு நான் பார்க்க வேண்டியவை.

முதலில் 'எந்த எம்மி' என்பதை முடித்துவிடலாம். நீங்கள் கேட்பது பிரைம்டைம் எம்மி. லாஸ் ஏஞ்சலிஸில் இருக்கும் டெலிவிஷன் அகாடமி அமெரிக்க நிகழ்ச்சிகளுக்குக் கொடுப்பது. பகல் நேரத்து நிகழ்ச்சிகளுக்கு டேடைம் எம்மி என்று தனியாக ஒன்று. அதைக் கொடுப்பது நியூயார்க்கில் இருக்கும் இன்னொரு அமைப்பு. ஒன்றாக இருந்தவர்கள் சண்டை போட்டுக்கொண்டு 1977இல் பாகம் பிரித்துக்கொண்டார்கள். முன்பு ஒளிபரப்பாகும் நேரத்தை வைத்துத்தான் எது யாருக்கு என்று பிரித்தார்கள். ஓடிடிக்கு ஏது பகல், ஏது ராத்திரி? அதனால் இப்போது பெரும்பாலும் நிகழ்ச்சியின் வகையை வைத்துப் பிரிக்கிறார்கள். மூன்றாவது, மற்ற நாட்டு நிகழ்ச்சிகளுக்கான இன்டர்நேஷனல் எம்மி. 2020இல் 'டெல்லி கிரைம்' வாங்கியதும் 2023இல் நகைச்சுவைக் கலைஞர் வீர் தாஸ் வாங்கியதும் இதைத்தான். நம் செய்திகளில் எல்லாவற்றுக்கும் 'எம்மி' என்ற ஒரே சொல்தான். சின்ன விருது என்று சொல்ல வரவில்லை, கொடுக்கிற கை வேறு.

அடுத்து, போஸ்டரில் இருக்கும் எண்ணிக்கை. 'ஷோகன்' 2024இல் 18 எம்மி வாங்கியது. ஒரே சீசனுக்கு அத்தனை விருது அதுவரை எந்தத் தொடரும் வாங்கியதில்லை. அதில் 14, முக்கிய விழாவுக்கு ஒரு வாரம் முன்பு நடக்கும் கிரியேட்டிவ் ஆர்ட்ஸ் விழாவிலேயே வந்துவிட்டன. ஒளிப்பதிவு, உடை, ஒப்பனை, ஒலி, எடிட்டிங், சண்டைக்காட்சி, கிராபிக்ஸ் எல்லாம் அங்கேதான். மொத்தம் நூறுக்கும் மேற்பட்ட பிரிவுகள். டிவியில் மூன்று மணி நேரம் காட்டும் விழாவில் கொடுப்பது அதில் கால்வாசி. 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' வாங்கிய 59இலும் இப்படித் தொழில்நுட்பத்துக்கு வந்தவை ஏராளம். அவர்கள் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை; 'ஷோகன்' உடைகளைப் பார்த்தவர் யாரும் அந்த விருதைக் குறை சொல்ல மாட்டார். ஆனால் கதையில் உங்களைக் கட்டிப்போடுமா என்பதற்கு அந்த எண்ணிக்கை பதில் சொல்லாது.

சரி, 'சிறந்த தொடர்' விருதாவது சொல்லுமா? அதற்கு ஓட்டுப் போடுகிறவர்கள் யார் என்று பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். அகாடமியில் 20,000க்கும் மேல் உறுப்பினர்கள். நடிகர்கள், எடிட்டர்கள், ஒப்பனைக்காரர்கள், விளம்பரப் பிரிவில் இருப்பவர்கள் என்று தொழில்வாரியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். எழுத்து விருதுக்கு எழுத்தாளர்கள்தான் ஓட்டுப் போடுவார்கள், எடிட்டிங்குக்கு எடிட்டர்கள். சிறந்த தொடருக்கு மட்டும் எல்லாரும் போடலாம். வேலை செய்துகொண்டிருக்கிற மனிதர்கள், அவர்களுக்கு எல்லாத் தொடரையும் பார்க்க எங்கே நேரம்? ஊரெல்லாம் பேசுகிற பெயருக்கு, போன வருடம் பிடித்த பெயருக்கு ஓட்டு விழுகிறது. 'ஃப்ரேசியர்' 1994 முதல் 1998 வரை தொடர்ந்து ஐந்து முறை சிறந்த காமெடி. 'மாடர்ன் ஃபேமிலி' 2010 முதல் 2014 வரை அதேபோல் ஐந்து முறை. இரண்டும் நல்ல தொடர்கள்தான். அதற்காக ஐந்து வருடமும் அதைவிட நல்லதே வரவில்லை என்றால் யார் நம்புவது? நடிகை கேண்டிஸ் பெர்கன் 'மர்ஃபி பிரவுன்' தொடருக்கு ஐந்து விருது வாங்கியபின், போதும், இனி என் பெயரைச் சேர்க்க வேண்டாம் என்று தானாகவே ஒதுங்கிக்கொண்டார். அந்தப் பெருந்தன்மை எல்லாருக்கும் வராது.

எழுத்து விருதில் இன்னொரு வசதி, அதைத் தொடருக்கு என்று மொத்தமாகக் கொடுப்பதில்லை. ஒரு குறிப்பிட்ட எபிசோடுக்குக் கொடுக்கிறார்கள். ஒரு எழுத்தாளர் எழுதியதை இன்னொரு எழுத்தாளர் படித்து, பார்த்து, 'இதை நான் எழுதியிருக்கக் கூடாதா' என்று பொறாமைப்பட்டுப் போடுகிற ஓட்டு. பொறாமையைவிட நேர்மையான விமர்சனம் கிடையாது என்பது என் கட்சி.

'தி சோப்ரானோஸ்' 1999இல் முதல் சீசனிலேயே எழுத்து விருது வாங்கிவிட்டது, 'காலேஜ்' என்ற எபிசோடுக்கு. மகளுக்குக் கல்லூரி பார்க்கக் காரில் போகிற ஒரு அப்பா, வழியில் பழைய துரோகி ஒருவனைப் பார்த்துவிடுகிறார். அவ்வளவுதான் கதை. அந்த வருடம் சிறந்த டிராமா 'தி பிராக்டிஸ்'. சோப்ரானோஸுக்கு அந்த விருது வர 2004 ஆகிவிட்டது. கேபிள் சேனல் தொடர் ஒன்று அதை வாங்கியது அதுதான் முதல் தடவை. எழுத்தாளர்களுக்குத் தெரிந்த விஷயம் மற்றவர்களுக்குப் போய்ச் சேர ஐந்து வருடம் பிடித்திருக்கிறது.

'தி வயர்' ஐந்து சீசன் ஓடியது. இன்று உலகத்தின் தலைசிறந்த தொடர்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் முதல் வரிசையில் இருக்கும். எம்மி ஒன்றுகூட இல்லை. மொத்தம் இரண்டே இரண்டு பரிந்துரை, 2005இல் ஒன்று, 2008இல் ஒன்று. இரண்டும் எழுத்துக்கு! 'பெட்டர் கால் சால்' கதை இன்னும் பாவம்: 53 பரிந்துரை, விருது பூஜ்யம். ஆனால் எழுத்துப் பட்டியலில் திரும்பத் திரும்ப அதன் பெயர் இருந்தது. கடைசி சீசனின் முதல் பாதியை முடிக்கும் 'பிளான் அண்ட் எக்ஸிக்யூஷன்' எபிசோடை நான் பார்த்து முடித்தபோது இரவு ஒரு மணி. விளக்கைப் போட்டுவிட்டுத்தான் படுத்தேன்.

2019 இன்னும் வேடிக்கை. சிறந்த டிராமா 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' கடைசி சீசனுக்கு. உலகம் முழுக்க ரசிகர்கள் திட்டித் தீர்த்த அதே சீசன். அன்றைக்கு எழுத்து விருது வாங்கியது 'சக்ஸஷன்'. அடுத்த வருடம் சிறந்த டிராமாவும் அதற்கே வந்தது. ஒன்றை மறைக்கக் கூடாது: 'த்ரோன்ஸ்' கடைசி எபிசோடும் அந்த வருடம் எழுத்துப் பரிந்துரையில் இருந்தது. அது எப்படி உள்ளே வந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. என் அளவுகோலிலும் ஓட்டை உண்டு என்பதற்காகச் சொல்கிறேன்.

இந்த வழக்கத்துக்கு என்னைக் கொண்டுவந்தது ஒரு தமிழ்க் குடும்பத்துப் பையன். அஸீஸ் அன்சாரி. அமெரிக்காவில் தென் கரோலினாவில் பிறந்து வளர்ந்தவர். பெற்றோர் தமிழ்நாட்டிலிருந்து போன முஸ்லிம் குடும்பம். ஆலன் யாங்குடன் சேர்ந்து அவர் உருவாக்கிய 'மாஸ்டர் ஆஃப் நன்' தொடரின் 'பேரன்ட்ஸ்' எபிசோடுக்கு 2016இல் காமெடி எழுத்துக்கான எம்மி கிடைத்தது. அதில் அப்பா அம்மாவாக வருவது அன்சாரியின் சொந்த அப்பா அம்மாவேதான். அப்பாவுக்கு நடிப்பெல்லாம் தொழில் இல்லை, அவர் டாக்டர். எபிசோடு தொடங்கும்போது அப்பா தன் ஐபேடைச் சரிசெய்து தரச் சொல்கிறார். மகனுக்கு சினிமாவுக்கு நேரமாகிறது. படம் தொடங்குமுன் திரையில் போடும் துணுக்குக் கேள்விகளைத் தவறவிட்டுவிடுவோம் என்ற கவலை அவனுக்கு. முடியாது என்கிறான். அங்கிருந்து கதை அப்பாவின் சின்ன வயசுக்குப் போகிறது, ஒரு மணிச்சட்டத்தை வைத்து விளையாடும் இந்தியச் சிறுவனிடம். இதைப் பார்த்த அன்று, வாட்ஸ்அப்பில் ஏதோ வரவில்லை என்று என் அப்பா கேட்டதற்கு 'அப்புறம் பார்க்கலாம்ப்பா' என்று சொல்லியிருந்தேன். எழுந்து போய்ச் சரிசெய்து கொடுத்துவிட்டு வந்தேன். 'என்னடா திடீர்னு' என்றார்.

விருது வாங்கியபோது ஆலன் யாங் மேடையில் ஆசியப் பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள் வைத்தார்: பிள்ளைகளுக்கு வயலினுக்குப் பதிலாகக் கேமரா வாங்கிக் கொடுங்கள் என்று. அடுத்த வருடம் அதே தொடரின் 'தேங்ஸ்கிவிங்' எபிசோடுக்கு மறுபடி எழுத்து விருது. அன்சாரியுடன் சேர்ந்து எழுதிய லீனா வெய்த், காமெடி எழுத்துக்கு எம்மி வாங்கிய முதல் கறுப்பினப் பெண். இரண்டு வருடமும் சிறந்த காமெடி விருதைக் கொண்டுபோனது 'வீப்'. அதுவும் அருமையான தொடர்தான், ஆனால் நான் 'சிறந்த தொடர்' பட்டியலை மட்டும் பார்த்திருந்தால் 'பேரன்ட்ஸ்' எனக்குக் கிடைத்திருக்காது.

விழாவையும் பார்க்கவேண்டுமா என்று ஒருவர் பின்னூட்டத்தில் கேட்டிருந்தார். அமெரிக்கக் கிழக்குக் கரையில் ஞாயிறு இரவு எட்டு மணி என்றால் நமக்குத் திங்கள் காலை ஐந்தரை. காபியோடு முதல் ஒரு மணி நேரம் பார்ப்பேன், அதற்குள் வீடு விழித்துவிடும். 1949 ஜனவரியில் ஐந்து டாலர் டிக்கெட்டில் ஆறு விருதோடு தொடங்கிய விழா. முதல் விருது வாங்கியவர் ஷெர்லி டின்ஸ்டேல், பொம்மையைப் பேசவைக்கும் கலைஞர். அக்காலத்து டிவி கேமராவுக்குள் இருந்த 'இமேஜ் ஆர்த்திகான்' குழாயைத் தொழில்நுட்பக்காரர்கள் 'இம்மி' என்று செல்லமாகக் கூப்பிடுவார்கள். சிலை பெண்ணாக இருந்ததால் அது 'எம்மி' ஆயிற்று. நம் மொழியில் இம்மி என்றால் துளி என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. சிறகு விரித்து அணுவை ஏந்தி நிற்கும் அந்தச் சிலையை வடித்த லூயிஸ் மக்மானஸ் தன் மனைவியையே மாதிரியாக வைத்துக்கொண்டார்.

2025 விழாவில் தொகுப்பாளர் நேட் பார்கட்ஸி ஒரு விளையாட்டு வைத்தார். சிறுவர் அமைப்பு ஒன்றுக்கு ஒரு லட்சம் டாலர் நன்கொடை. நன்றியுரை 45 வினாடியைத் தாண்டினால் ஒவ்வொரு வினாடிக்கும் ஆயிரம் டாலர் கழியும், சீக்கிரம் முடித்தால் கூடும். பேசப் பேசத் தொகை இறங்கி, பூஜ்யத்துக்குக் கீழே போயே போய்விட்டது. கடைசியில் அவரும் சேனலும் சேர்ந்து மூன்றரை லட்சம் டாலர் கொடுத்தார்கள் என்பது வேறு விஷயம். அம்மாவுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருப்பவரின் தலைக்கு மேலே குழந்தைகளின் பணம் கரைவதைக் காட்டுவது எனக்குக் கொஞ்சம் குரூரமாகத்தான் பட்டது.

அந்த விழாவிலும் என் கணக்கு பொய்க்கவில்லை. சிறந்த டிராமா 'தி பிட்', 27 பரிந்துரையோடு அதிகம் பேசப்பட்டது 'செவரன்ஸ்', எழுத்து விருது 'ஆண்டோர்' தொடரின் ஒரு எபிசோடுக்கு. முந்தைய வருடம் 'ஷோகன்' எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனபோதும் டிராமா எழுத்து மட்டும் 'ஸ்லோ ஹார்சஸ்' தொடருக்குப் போனது. எழுதியவர் பெயர் வில் ஸ்மித். ஆஸ்கர் மேடையில் அறைந்தவர் இல்லை, இவர் ஆங்கிலேயர். மைக்கைப் பிடித்ததும் முதலில் அதைத்தான் சொன்னார்: பெயரைக் கேட்டுப் பயப்படாதீர்கள், நான் சமாதானமாகத்தான் வந்திருக்கிறேன் என்று.

கேட்டவர் கொட்டாவி விட்ட தொடர் எது என்று சொல்லவில்லை. அதை அப்படியே விட்டுவிட்டு 'ஸ்லோ ஹார்சஸ்' முதல் சீசனைத் தொடங்குங்கள். ஆறே எபிசோடுதான்.