இறம்பொடையின் ஊசித்தட்டான்

அன்புள்ள ஐயா,
150 ஆண்டாக யாரும் பார்க்காத ஊசித்தட்டானைக்கூட 'அழிந்திருக்கலாம்' என்றே ஏன் இழுக்கிறார்கள்? அழிந்துவிட்டது என்று எழுதினால் என்ன? எங்கள் பக்கத்து ஓடைகளில் தேட நினைக்கிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?
– எஸ்., அட்டன்

அன்புள்ள எஸ்.,

அப்படி எழுதியவர்கள், எழுதியதை 2012இல் திருத்த வேண்டியிருந்திருக்கும். சின்ஹலெஸ்டிஸ் ஓரியன்டாலிஸ் என்ற உலோகப் பச்சை ஊசித்தட்டானை நீட்னர் என்ற ஜெர்மானியர் 1858இல் இலங்கையின் இறம்பொடையில் பிடித்தார். 1862இல் அதற்குப் பெயர் வைத்தார்கள். பிறகு தகவலே இல்லை. 2012இல் சிவனொளிபாதமலைக் காட்டில் அகப்பட்டது. அவர் பிடித்த பூச்சியின் சீட்டில் எழுதிய ஊர்ப்பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு இறம்பொடையிலேயே சுற்றினால் பெரும்பாலும் தேயிலைதான் கிடைக்கும். அங்கே தேயிலைக்கு முன்பே, காப்பிக்காகக் காட்டை வெட்டத் தொடங்கிவிட்டார்கள்.

அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களை வகைப்படுத்தும் ஐ.யு.சி.என். சிவப்புப் பட்டியலின் விதி கறாரானது. வாழக்கூடிய இடமெல்லாம், சரியான பருவத்தில், சரியான பொழுதில் தேடியும் கிடைக்காமல், கடைசி உயிரும் போய்விட்டது என்பதில் நியாயமான சந்தேகம் எழாதபோதுதான் 'அழிந்தது'. தென் அட்லாண்டிக்கின் செயின்ட் ஹெலினா தும்பி கடைசியாகத் தென்பட்டது 1963இல். தீவு சுமார் 122 சதுர கிலோமீட்டர்தான், ஒளிய இடமில்லை. அங்கே 'காணவில்லை' என்பதற்குக் கனம் அதிகம்.

நீங்கள் வெயில் உள்ள நாளில் பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் இடையே போங்கள். மூட்டத்தில் தட்டான்கள் இலைக்குள் அடங்கிவிடும். இறக்கை முளைத்ததும் பல இனங்கள் நீரை விட்டுக் காட்டுக்குள் போய்விடும். பெண் பெரும்பாலும் முட்டையிடத்தான் ஓடைக்கு வரும். அதனால் பறப்பதைவிட, இளம்பூச்சி கழற்றிய சட்டையைத் தேடுவது மேல். அது இருந்தால் அங்கேயே வளர்ந்தது என்று அர்த்தம். நீரோரத் தண்டிலும், பாறையின் சாய்ந்த அடிப்பக்கத்திலும் ஒட்டியிருக்கும். ஒரு மழை போதும், அடித்துக்கொண்டு போய்விடும். மழை விட்டு இரண்டு நாள் கழித்துப் பாருங்கள்.

படம் எடுத்தால் பக்கவாட்டில் ஒன்று, மேலிருந்து ஒன்று, வால்நுனிக் கொக்கி நெருக்கமாக ஒன்று. மேலிருந்து எடுத்தது மட்டும் வந்தால் பெரும்பாலும் உறுதி சொல்ல முடியாது.

ஒன்றும் கிடைக்காத நாளையும் எழுதி வையுங்கள்: தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், நடந்த மீட்டர், வெயிலா மூட்டமா, எத்தனை பேர். இவை இல்லாத 'பார்க்கவில்லை' எதற்கும் உதவாது.

காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் சட்டையைக்கூட எடுக்காதீர்கள். அனுமதி இருந்தால் தீப்பெட்டியில் மெல்லிய காகிதம் விரித்து வையுங்கள். பஞ்சு வேண்டாம், கால் முள் சிக்கும். கால் ஒடிந்தாலும் சமாளிக்கலாம். முகத்தடியில் மடிந்திருக்கும் அகப்பை போன்ற உதடு உடைந்தால் இனம் பிரிப்பது பெரும்பாடு.