இல்லாத விரல் எரிகிறது என்கிறார் மாமனார்

சித்தூரை அடுத்த குடிபாலாவிலிருந்து ஒரு வாசகி எழுதுகிறார்: "மாமனாருக்குச் சர்க்கரைப் புண்ணால் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்து நான்கு மாதம் ஆகிறது. புண் ஆறிவிட்டது. ஆனால் இல்லாத கட்டைவிரல் மடங்கிக்கொண்டு எரிகிறது என்று ராத்திரியெல்லாம் முனகுகிறார். காலைப் புதைத்த இடத்தில் எறும்பு மொய்க்கிறது, தோண்டி எடுத்து நேராக வைத்துப் புதைக்கணும் என்கிறார்கள் ஊரில். மருந்துக்கடை வலி மாத்திரைக்கும் கேட்கவில்லை. என்ன செய்யலாம்?"

தோண்ட வேண்டாம், அம்மா. அவர் நடிக்கவில்லை, புத்தியும் தடுமாறவில்லை. கால் போனாலும் மூளையில் அந்தக் காலுக்கான இடம் அப்படியே இருக்கிறது. அறுபட்ட நரம்புகளும் சும்மா இருப்பதில்லை. கால் எடுத்தவர்களில் பெரும்பாலோருக்கு இந்த வலி கொஞ்சமாவது வரும்.

பகலில் அவர் நிதானமாக இருக்கும்போது ஒன்று கேளுங்கள்: "மாமா, வலி இல்லாத பாதத்திலா, வெட்டியபின் மிச்சமிருக்கிற முனையிலா?" இரண்டுக்கும் வைத்தியம் வேறு. முனையில் ஒரே இடத்தைத் தட்டினால் ஷாக் அடித்தாற்போல் சுண்டுகிறதென்றால், அங்கே நரம்பு முடிச்சு விழுந்திருக்கலாம். செயற்கைக் கால் போட்டிருந்தால், முனை உள்ளே உட்காரும் அதன் கிண்ணத்தையும் பாருங்கள். முனை மாதக்கணக்கில் சுருங்கிக்கொண்டே வரும், கிண்ணம் தொளதொளத்து உரசும். சிவப்பு, சூடு, நீர்க்கசிவு, கருப்பு, காய்ச்சல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

வலி இல்லாத பாதத்தில்தான் என்றால் கண்ணாடிப் பயிற்சி நல்லது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன் 1990களில் அமெரிக்காவில் முயன்று பார்த்த வழி இது. செலவு ஒரு நீளக் கண்ணாடிதான். காலை நீட்டி உட்காரவைத்து, இரண்டு தொடைக்கும் நடுவே கண்ணாடியை நெட்டுவாக்கில் நிறுத்துங்கள். அதன் முகம் இடது காலைப் பார்க்கட்டும், வெட்டிய கால் பின்னால் மறைந்திருக்கட்டும். கண்ணாடிக்குள் வலது காலே திரும்பி வந்ததுபோல் தெரியும். இடது பாதத்தை மெல்ல மடக்கி நீட்டி, விரல்களை விரிக்கச் சொல்லுங்கள். அதே நேரத்தில் இல்லாத காலும் அப்படியே செய்வதாக மனதால் முயல வேண்டும். மடங்கிக் கிடக்கும் கட்டைவிரல் சிலருக்கு அங்கேயே நிமிர்ந்துவிடும். தினம் 15 நிமிடம், நான்கு வாரமாவது செய்து பாருங்கள். எல்லோருக்கும் பலிக்காது. தலை சுற்றினாலோ மனம் உடைந்து அழுதாலோ அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

மாத்திரைக்கு வருவோம். டைக்ளோஃபெனாக் மாதிரி சாதாரண வலி மாத்திரை இந்த நரம்பு வலிக்கு அவ்வளவாகக் கேட்காது. சர்க்கரைக்காரரின் சிறுநீரகத்துக்கு வேறு கெடுதல். அதை நிறுத்துங்கள். அமிட்ரிப்டிலின், கேபாபென்டின், ப்ரீகாபலின் என்று நரம்பு வலிக்கான மருந்துகள் இருக்கின்றன. சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையைப் பார்த்து அளவை டாக்டர் முடிவு செய்யட்டும். சிறுநீர் தடைபடுகிற தொந்தரவு இருந்தால் அதையும் சொல்லுங்கள், அமிட்ரிப்டிலின் அதைக் கூட்டும். வேலூர் உங்களுக்குப் பக்கம்தானே? சி.எம்.சி.யில் மறுவாழ்வு மருத்துவத்துக்குத் தனிப் பிரிவே உண்டு.

புண் நன்றாக ஆறியிருப்பதால் முனையைப் பஞ்சால் தடவி, பழகியதும் துண்டால் தேய்க்கலாம். முரடு பழகப் பழகக் கூச்சம் குறையும். எலாஸ்டிக் கட்டு போட்டால் நுனியில் இறுக்கமாகவும், மேலே போகப் போகத் தளர்வாகவும் இருக்கட்டும். வெந்நீர் ஒத்தடம் மட்டும் கூடாது. மரத்த தோலில் சூடு தெரியாது, கொப்புளித்த பிறகுதான் தெரியும். முழங்காலுக்கடியில் தலையணையும் வேண்டாம், மூட்டு மடங்கியே இறுகிவிடும்.

அப்புறம் ராத்திரி விஷயம். தூக்கக் கலக்கத்தில் கால் இருப்பதாகவே நினைத்து ஊன்றி எழுந்து விழுகிறவர்கள் நிறைய. நரம்பு மாத்திரை தொடங்கினால் மயக்கமும் சேரும். ஊன்றுகோலைக் கட்டிலை ஒட்டியே வையுங்கள், ஒரு சின்ன விளக்கு எரியட்டும், எழும்போது ஒருவர் கூட இருங்கள்.