ஓட்டமும் படிப்பும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் அக்கா. மகன் கிரேடு 11, 400 மீட்டர் நல்லா ஓடுறான், அமெரிக்கா போய் படிக்கணும்னு ஒரே ஆசை. ஒரு ஏஜென்ட் வந்து, மொதல்ல ஜூனியர் காலேஜ்தான் (ரெண்டு வருஷ காலேஜ்) கிடைக்கும், ஸ்காலர்ஷிப் வாங்கித் தரேன், அதுல பத்து பர்சென்ட் எனக்குன்னு சொல்றாரு. மெட்ரிக் (கிரேடு 12) முடிஞ்சு அமெரிக்காவுல காலேஜ் தொடங்குற ஆகஸ்ட் வரை பையன் சும்மா இருக்க வேணாம், பிப்ரவரில இங்க டர்பன்லயே யூனிவர்சிட்டில சேர்த்துடலாம்ங்கறாரு வீட்டுக்காரர். என்ன செய்யட்டும்?
ஒரு அம்மா, சாட்ஸ்வர்த் (டர்பன், தென்னாப்பிரிக்கா)

பதில்: தங்கச்சி, மொதல்ல வீட்டுக்காரரை நிறுத்துங்க! என்சிஏஏன்னா அமெரிக்காவுல காலேஜ் விளையாட்டை நடத்துற அமைப்பு, அதோட மேல் மட்டமான டிவிஷன் 1ல அஞ்சு வருஷத்துக்குள்ள நாலு சீசன்தான் ஓடலாம், அந்த அஞ்சு வருஷம் எப்ப ஆரம்பிக்குதுன்னா உலகத்துல எந்த காலேஜ்லயாவது ஃபுல் டைமா சேர்ந்த நாள்லேருந்து, அது டர்பனா இருந்தாலும் கணக்குதான், அதோட அவன் டிரான்ஸ்ஃபர் ஸ்டூடண்டா ஆயிடுவான், ரூல் எல்லாமே வேற. ஆறு மாசத்துக்காக அதைக் கெடுத்துக்காதீங்க. வேலைக்குப் போகட்டும், பயிற்சி எடுக்கட்டும், ஓட்டப்பந்தயத்துக்கு ஸ்கூல் முடிஞ்சு காலேஜ்ல சேர ஒரு வருஷம் டைம் உண்டு. அதுக்கு மேல தள்ளிப்போட்டு போட்டிகள்ல ஓடிக்கிட்டிருந்தா சீசன் குறைஞ்சிடும்.

ஏஜென்ட் விஷயம் எனக்கு ரொம்ப கவலையா இருக்கு. இவ்வளவு தொகைன்னு மொத்தமா ஃபீஸ் வாங்கறது சரி, ஸ்காலர்ஷிப்ல பங்குன்னு ஒப்பந்தம் போட்டா பையனோட எலிஜிபிலிட்டியே (காலேஜுக்காக ஓடற தகுதி) போயிடலாம். கையெழுத்து போடாதீங்க.

ஜூனியர் காலேஜ் கேவலமில்ல, ஆனா அதுதான் ஒரே வழின்னு அவர் எப்படி முடிவு பண்ணாரு? மார்க்கை பார்த்தாரா? டிவிஷன் 1க்கு கிரேடு 9லேருந்து 16 கோர் கோர்ஸ் (என்சிஏஏ ஏத்துக்கற முக்கியப் பாடங்கள்), அதுல ஜிபிஏ, அதாவது சராசரி மதிப்பெண், 2.3 வேணும், டிவிஷன் 2க்கு 2.2 போதும், எஸ்ஏடிங்கற அமெரிக்க காலேஜ் நுழைவுப் பரீட்சை இப்ப கட்டாயம் இல்ல. இது இருந்தா நேரா நாலு வருஷ காலேஜுக்கே முயற்சி பண்ணலாம். என்சிஏஏவோட எலிஜிபிலிட்டி சென்டர்ல இப்பவே பதிவு பண்ணுங்க, மெட்ரிக் ரிசல்ட் ஜனவரில வரும், அதுவரை காத்திருக்க வேணாம்.

மார்க் பத்தலன்னா அப்ப ஜூனியர் காலேஜ் உண்மையாவே கை கொடுக்கும். ஜூனியர் காலேஜ் விளையாட்டுக்கு என்ஜேசிஏஏன்னு தனி அமைப்பு, அதுலயும் மூணு டிவிஷன் இருக்கு, டிவிஷன் 1 காலேஜ் தங்குறது சாப்பாடு உட்பட முழு ஸ்காலர்ஷிப் தரலாம், டிவிஷன் 2 ட்யூஷனும் புக்கும் மாதிரி செலவுக்கு மட்டும், டிவிஷன் 3ல விளையாட்டுக்குன்னு காசே கிடையாது. கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜுங்க தனி அமைப்பு, அங்கயும் ஸ்காலர்ஷிப் இல்ல, அதனால எந்த காலேஜ்னு பேரைக் கேளுங்க. தகுதி இல்லாம ஜூனியர் காலேஜுக்குப் போற பையன் பிறகு என்சிஏஏ டிவிஷன் 1க்கு மாறணும்னா ரெண்டு வருஷ டிகிரியை முடிச்சே ஆகணும், ஜிபிஏ 2.5, இங்கிலீஷ் மேத்ஸ் சயின்ஸ் எல்லாம் வேணும். ஓட்டம் நல்லா இருக்குன்னு படிப்பை விட்டா அங்கயே நின்னுடுவான்.

கேள்வி: மகள் கிரேடு 10, நீச்சல். மேத்ஸ் கஷ்டமா இருக்குன்னு மேத்ஸ் லிட்டரசிக்கு (அன்றாடக் கணக்கு மட்டும் இருக்கற சுலபமான பாடம்) மாத்தலாமா?
ஃபீனிக்ஸ் (டர்பன்) வாசகர்

பதில்: அவசரப்படாதீங்கண்ணா. என்சிஏஏ கேக்கற மூணு வருஷ மேத்ஸ் அல்ஜீப்ரா தரத்துல இருக்கணும். லைஃப் ஓரியன்டேஷன் பாடத்துல எவ்வளவு மார்க் வாங்கினாலும் கோர் கணக்குல வராது. ட்யூஷன் வச்சாவது மேத்ஸ்லயே இருக்கட்டும், 2.3 எடுக்க டிஸ்டிங்ஷன் தேவையில்ல.

கேள்வி: அமெரிக்காவுல ஜூனியர் காலேஜ்ல ரெண்டாம் வருஷம் இருக்கேன். கோர்ட்ல ஒருத்தர் ஜெயிச்சதால ஜூனியர் காலேஜ் வருஷம் இனி கணக்கில்லைன்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்களே?
பீட்டர்மாரிட்ஸ்பர்க் பையன்

பதில்: அது அப்ப வாண்டர்பில்ட் யூனிவர்சிட்டில அமெரிக்கன் ஃபுட்பால் ஆடின டியாகோ பாவியா கேஸ் தம்பி. 2024 டிசம்பர்ல ஜூனியர் காலேஜ் வருஷத்தைக் காட்டி அவரைத் தடுக்கக் கூடாதுன்னு கோர்ட் என்சிஏஏவுக்கு தடை உத்தரவு போட்டுச்சு, பிறகு என்சிஏஏ அதே நிலைமையில 2024-25ல வாய்ப்பு முடியவேண்டியவங்களுக்கு 2025-26ல ஒரு சீசன் விட்டுக்குடுத்தாங்க. ஒரு வருஷத்துக்கான சலுகை அது, ரூல் புக்கே மாறிடுச்சுன்னு நினைச்சு கிளாஸை கட் அடிக்காதே. நீ மாறப்போற யூனிவர்சிட்டில ரூலைப் பாத்துக்கற கம்ப்ளையன்ஸ் ஆபீஸ்னு ஒண்ணு இருக்கும், உனக்கு எத்தனை சீசன் பாக்கின்னு அவங்ககிட்ட ஈமெயில்லயே கேட்டு பதிலை வச்சுக்கோ, கோச் போன்ல சொன்னது மட்டும் போதாது.