வாள்வெட்டு வழக்கு: கோப்பு கொழும்புக்குப் போய்விட்டது, இனி என்ன?

கேள்வி: கோப்பாயில் என் தம்பியை வாளால் வெட்டினார்கள். இரண்டு விரல்கள் இயங்காது. சந்தேகநபர்கள் பிணையில் வெளியே. தவணைக்குத் தவணை “சட்டமா அதிபரின் ஆலோசனை வரவில்லை” என்று பொலிஸார் சொல்ல, நீதவான் வேறு திகதி போடுகிறார். எதிர்த்தரப்பு ஆட்கள் “செலவைத் தருகிறம், சமாதானமாப் போவம்” என்று வீட்டுக்கு வருகிறார்கள். வழக்கை மூடப் பார்க்கிறார்களா?

பதில்: சகோதரி, கோப்பு ஆலோசனைக்காகக் கொழும்பிலுள்ள சட்டமா அதிபரிடம், அதாவது அரசின் தலைமைச் சட்ட அதிகாரியிடம், போனதால் வழக்கு செத்துப்போகவில்லை. உண்மையில் வழக்கின் தலைவிதி அங்கேதான் எழுதப்படுகிறது.

சிறு வழக்குகளை நீதவான் நீதிமன்றத்தில் பொலிஸாரே நடத்துவார்கள். உங்கள் வழக்கு அந்த ரகமில்லை. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவைப்படி, மேல் நீதிமன்றத்தில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்வது சட்டமா அதிபர். அவருடைய திணைக்களத்தின் அரச சட்டவாதி ஒருவர் கோப்பை வாசித்து, இது பாரதூரமான காயமா, தண்டனைச் சட்டக்கோவையின் 300ஆம் பிரிவுக் கொலை முயற்சியா என்று பார்ப்பார். கொலை முயற்சியில் காயமும் ஏற்பட்டிருந்தால் 20 வருடம் வரை சிறை. சாட்சியம் போதாவிட்டால் மேலும் விசாரிக்கச் சொல்லலாம், விடுவிக்கவும் சொல்லலாம்.

தாமதத்துக்கு நான் அடிக்கடி காணும் காரணம் ஒரு காகிதம்: சட்ட வைத்திய அறிக்கை. பொலிஸ் நிலையத்தில் பி அறிக்கை (பொலிஸார் நீதவானுக்குக் கொடுத்த விசாரணை அறிக்கை) இலக்கத்தைச் சொல்லி, அது கோப்போடு போனதா என்று முதலில் கேளுங்கள். போயிருந்தால், புதுக்கடையிலுள்ள சட்டமா அதிபர் திணைக்களத்துக்கு அதே இலக்கத்தைக் குறிப்பிட்டுப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். விரல்களின் இப்போதைய நிலைபற்றிய வைத்தியர் கடிதத்தின் பிரதியையும் வையுங்கள். விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்கும் உரிமையை 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் பாதிக்கப்பட்டவருக்குத் தருகிறது. யாரும் கருணை காட்டத் தேவையில்லை.

ஒன்றை மறக்க வேண்டாம்: அரச சட்டவாதி அரசின் சட்டத்தரணி, உங்களுடையவர் அல்ல. வசதியிருந்தால் தம்பியின் நலனைக் கவனிக்கத் தனியாக ஒருவரை வையுங்கள். வழக்கை நடத்துவது அப்போதும் அரச தரப்புத்தான்.

சமாதானம்? கொலை முயற்சி இரு வீட்டாரும் பேசித் தீர்க்கும் குற்றமில்லை. காசு வாங்கினாலும் வழக்கு நிற்காது. ஆனால் சாட்சி சொல்லும்போது குறுக்கு விசாரணையில் அந்தக் காசைத்தான் முதலில் கிளறுவார்கள். எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள். பேச்சு மிரட்டலாக மாறினால் அது தனிக் குற்றம். அன்றைக்கே முறைப்பாடு செய்து, முறைப்பாட்டு இலக்கத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.