தராசுக்குத் தெரியும்

கேள்வி: எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளுக்குத் தபாற்காரர் வருவதில்லை. தோட்டக் கந்தோரில் கிடந்த நேர்முகத் தேர்வுக் கடிதம், தேர்வு முடிந்த பிறகுதான் தம்பியின் கைக்கு வந்தது. நாங்கள் நாட்டின் கண்ணுக்குத் தெரியாத சனம் என்பதுதானே காரணம்?
(வாசகி, பொகவந்தலாவை)

பதில்: கண்ணுக்குத் தெரியவில்லை என்று யார் சொன்னது தங்கச்சி? வருசம் பிறந்தால் பாதிக் கடைச் சுவர்களில் நீங்கள்தானே தொங்குகிறீர்கள்! இந்தக் கலண்டர்காரர்களோடு எனக்குப் பழைய சண்டை. 'ஆரம்பிச்சிட்டார்' என்பவர்கள் பக்கத்தைப் புரட்டலாம். கலண்டரில் கொழுந்து பறிக்கிற பெண்ணுக்குப் புதுச் சேலை, கை நிறைய வளையல். இடுப்பில் கட்டுகிற படங்குத் துணி கிடையாது, காலில் இரத்தம் குடிக்கிற அட்டை கிடையாது. ஒற்றைக் கொழுந்தை இரு விரலால் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறாள். அந்த வேகத்தில் பறித்தால் அன்றைக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்கூட விழாது. ஒரு கலண்டர் முதலாளியிடமே கேட்டுவிட்டேன். "மழையில் நனைஞ்ச பொம்பளையைப் போட்டா யார் வாங்குவா?" என்றார். மறுவருசம் சேலையின் நிறத்தை மட்டும் மாற்றினார்.

சரி, கடிதத்துக்கு வருவோம். கொழுந்து நிறுக்கிற மடுவத்துத் தராசுக்கு உங்களை நன்றாகத் தெரியும். ஈரக் கொழுந்துக்கு எத்தனை கிலோ கழிப்பது என்பதுவரை கணக்கு வைத்திருக்கிறார்கள். அரசாங்கத்துக்கும் தெரியும். 1947 தேர்தலில் மலையகத்தில் தோட்டத் தொழிலாளர்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஆசனங்கள் பிடித்ததைக் கண் திறந்துதான் பார்த்தார்கள். மறுவருசமே உங்கள் சனத்தை நாடற்றவர்களாக்கிய பிரஜாவுரிமைச் சட்டம், 1949இல் வாக்கும் போச்சு. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே என்று பிரித்தார்கள். மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்க்கலாமாம். மடுவத்தில் கொழுந்தைக்கூட அன்றன்றைக்கே நிறுத்து முடிப்பார்கள்.

அப்புறம் 1987 பிரதேச சபைச் சட்டம். அதன் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவழிக்க முடியாது என்று கையை விரித்தார்கள். வாக்குக் கேட்க லயத்துவரை ஏறி வந்தவரிடம் பாதைக்குக் கல் கேட்டால் "அது தோட்டத்துக் காணி" என்பார். தோட்டத்தை நடத்துகிற துரையிடம் போனால் "அரசாங்கத்தைக் கேள்" என்பார். 2018இல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள்.

உங்கள் தபாலும் இந்த இழுபறிக்குள்தான் மாட்டியிருக்கிறது. லயக் காம்பராவுக்கு இலக்கம் கிடையாது, பாதைக்குப் பெயர் கிடையாது, முழுத் தோட்டத்துக்கும் ஒரே முகவரி. கட்டுக் கட்டாகக் கந்தோர் மேசையில் விழுகிற கடிதங்களை லயம் லயமாகக் கொண்டுபோய்க் கொடுப்பது யாருடைய சம்பள வேலையும் இல்லை. வேலைக் கடிதம், கெம்பஸ் அனுமதி, வங்கி நோட்டீஸ், எல்லாம் அந்த மேசையில்தான் ஊறுகின்றன. டவுன் கடை முகவரியைப் போடச் சொல்லி நாலு பேர் தம்பிக்கு யோசனை சொல்வார்கள். அதுவும் முதலாளியின் தயவுதான், என்ன, துரைக்குப் பதில் கடை முதலாளி.

லயத்துக்கு வீட்டிலக்கம் வாங்கிய தோட்டம் ஏதும் உங்கள் பக்கம் இருக்கிறதா? எந்தக் கந்தோரில், யாரைப் பிடித்து வாங்கினார்கள் என்று விசாரித்து எழுதுங்கள், அடுத்த இதழிலேயே போடுகிறேன். எழுதின கடிதத்தை மட்டும் டவுனுக்கு வந்து நீங்களே பெட்டியில் போடுங்கள்.