ஏர் பூட்டியாச்சு, உழவு பாக்கி

கேள்வி: என் மகன் சட்டக் கல்லூரியில் முதலாண்டு படிக்கிறான். பாடத்தில் ‘இன்கோயேட் (inchoate) ஆஃபென்ஸ்’ என்று வருகிறது. கேயாஸ் (chaos, குழப்பம்) மாதிரி இருப்பதால் ‘குழப்பமான குற்றம்’ என்கிறான். என் கணவரோ ‘இன்கொஹிரன்ட்’ (கோவையில்லாத) வகையறா என்கிறார். யார் சொல்வது சரி?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: இரண்டு பேருக்கும் மார்க் கிடையாதம்மா. இன்கோயேட் என்றால் தொடங்கிவிட்டது, இன்னும் முழு உருவம் பெறவில்லை என்று அர்த்தம். குழப்பத்தோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

‘இன்கோஹாரே’ (incohare) என்ற லத்தீன் வினைச்சொல்தான் மூலம். தொடங்குவது என்று பொருள். அதற்குள் இருக்கும் ‘கோஹும்’ என்பது ஏர்க்காலை நுகத்தடியோடு சேர்த்துக் கட்டுகிற வார் என்று அகராதிகள் சொல்கின்றன. நம் ஊர் ஏரில் வடக்கயிறு செய்கிற வேலை. வாரைக் கட்டியாகிவிட்டது, மாடு நிற்கிறது, ஒரு சால்கூட ஓடவில்லை. அந்த நிலைதான் இன்கோயேட். பிற்பாடு ஹெச் எழுத்து இடம் மாறி சி-க்குப் பின்னால் வந்து நின்றுகொண்டது. கேயாஸில் இருக்கிற சி-ஹெச் கிரேக்கச் சொத்து. உங்கள் மகனை ஏமாற்றியது இந்த எழுத்துக்கூட்டுதான்.

சரி, குற்றத்துக்கு வருவோம். முயற்சி, சதி, தூண்டுதல் ஆகிய மூன்றையும் இந்தப் பெயரில் பாடப்புத்தகங்கள் சேர்த்துச் சொல்லும். நினைத்த காரியம் முடியாவிட்டாலும் தண்டனை உண்டு. ஒருவன் அடுத்தவர் சட்டைப்பையில் கைவிடுகிறான், உள்ளே காலணா இல்லை. அவன் குற்றவாளிதான். இது என் கற்பனை இல்லை. 1860ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் 511ஆவது பிரிவே தருகிற உதாரணம். இப்போது அதன் இடத்துக்கு வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 62ஆவது பிரிவு. மகனைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள், பரீட்சைக்கு வரும்.

நான் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன். எனக்கு இந்தச் சொல் பழக்கமானது குற்ற வழக்கில் அல்ல, புரோநோட்டு வழக்கில். 1881ஆம் ஆண்டு செலாவணி முறிச் சட்டத்தின் 20ஆவது பிரிவுக்குத் தலைப்பே ‘இன்கோயேட் ஸ்டாம்ப்டு இன்ஸ்ட்ருமென்ட்ஸ்’. ஸ்டாம்ப் ஒட்டிய வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், வாங்கியவர் அதைப் பூர்த்தி செய்துகொள்ள நீங்களே அதிகாரம் கொடுத்ததாகத்தான் முதல் பார்வையில் சட்டம் எடுத்துக்கொள்ளும். அந்த ஸ்டாம்ப் எந்தத் தொகை வரை தாங்குமோ அதுவரை எழுதலாம். கூண்டில் ஏறுகிறவர்கள் ஒரே பாட்டைப் பாடுவார்கள்: “கையெழுத்து என்னுதுதான் சார், தொகை நான் எழுதலே.” நீதிபதி தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பார். கையெழுத்து நீல மசி, தொகை கறுப்பு மசி. அதை வைத்து மட்டும் தப்பித்துவிடலாம் என்று யாரும் நம்ப வேண்டாம். பேசிய தொகைக்கு மேல் எழுதியிருந்தால் வாதாட இடமுண்டு, ஆனால் விவரம் தெரியாமல் நல்லெண்ணத்தில் அந்த நோட்டை விலைகொடுத்து வாங்கிய மூன்றாம் ஆளிடம் அந்த வாதம் எடுபடாது.

கேள்வி: அப்படியானால் முழுமையானதை, ‘இன்’ இல்லாமல், ‘சோயேட்’ (choate) என்று சொல்லலாமா?
- இன்னொரு வாசகர், திருநெல்வேலி

பதில்: வேண்டாம். இதில் ‘இன்’ என்பது ‘இல்லை’ என்ற பொருளில் வரவில்லை, வெட்டி எடுக்க. அமெரிக்க வக்கீல்கள் மட்டும் வெட்டி எடுத்து, ‘கோயேட் லீன்’ என்று கடன் பாத்தியதை வழக்குகளில் புழங்குகிறார்கள். உச்சரிப்பில் ‘சோ’ எங்கேயும் கிடையாது.