ஊருக்கு உதவும் கம்பெனி உள்ளே எப்படி இருக்கிறது? – வாசகர் கேள்விகள்

மார்ச் நெருங்கினால் கம்பெனிகளில் சி.எஸ்.ஆர். (லாபத்தில் ஒரு பங்கைச் சமூகத்துக்குச் செலவிடும் சட்டக் கடமை) கணக்கை முடிக்கும் அவசரம் தொற்றிக்கொள்ளும். வந்திருக்கும் கேள்விகளிலும் அது தெரிகிறது. பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

"இந்த ஆண்டு சி.எஸ்.ஆர். தொகையில் பாக்கி இருக்கிறது. தொழிலாளர்களுக்கு ஒரு மெடிக்கல் கேம்ப், குடும்ப விழா, ஒரு மாரத்தான் நடத்திக் கணக்கை நேர் செய்துவிடலாம் என்கிறார் மேனேஜர். எச்.ஆரில் இருக்கும் நான்தான் பேப்பர் தயார் செய்ய வேண்டும். செய்யலாமா?" – ஓசூர்

வேண்டாம். மூன்றுமே நிற்காது.

நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி. முந்தைய நிதியாண்டில் இவற்றில் ஏதாவது ஒன்றைத் தொட்டுவிட்ட கம்பெனி, கடந்த மூன்று நிதியாண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவிட வேண்டும். 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவு சொல்வது இதுதான். சொந்தத் தொழிலாளர்களுக்கென்றே நடத்தும் எதுவும் இந்தக் கணக்கில் வராது. மாரத்தான் போல ஒருநாள் கூத்துகளும் வராது என்று 2014-லேயே மத்திய கம்பெனி விவகார அமைச்சகம் சுற்றறிக்கை விட்டுவிட்டது. சட்டப்படி ஏற்கெனவே செய்தாக வேண்டிய கடமைகளையும் இதில் சேர்க்க முடியாது.

அவசரப்படவும் தேவையில்லை. தொடர் திட்டத்துக்கான பணம் என்றால், நிதியாண்டு முடிந்த 30 நாளுக்குள் அதற்கென்று தனி வங்கிக் கணக்குக்கு மாற்றிவிட்டு, மூன்று நிதியாண்டுக்குள் செலவிடலாம். அப்படித் திட்டம் எதுவும் இல்லையென்றால் ஆறு மாதத்துக்குள், பிரதமரின் தேசிய நிவாரண நிதி போல அந்தச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் உள்ள ஏதாவது ஒரு நிதிக்குக் கட்டிவிட வேண்டும். மேனேஜரிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள். பாதிப் பேருக்கு இது தெரியாது, அதனால்தான் மார்ச்சில் இந்த ஓட்டம்.

தொழிற்சாலைகள் நிறைந்த ஓசூர் என்று எழுதியிருப்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். தகட்டை அழுத்தி வெட்டும் பவர் பிரஸ்ஸில் இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் மெஷின் இறங்கும். கை உள்ளே மாட்டக் கூடாது என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. டார்கெட் நெருக்கும்போது ஒரு பட்டனை டேப் போட்டு ஒட்டிவிட்டு ஒரு கையால் ஓட்டுவார்கள். சூப்பர்வைசருக்கும் தெரியும், ஆனால் கண்டுகொள்ள மாட்டார். விரல் போன பிறகு ஆஸ்பத்திரிச் செலவைக் கம்பெனி பெருந்தன்மையோடு ஏற்றுக்கொள்ளும். ஒரு கம்பெனியின் சமூகப் பொறுப்பை நான் அளக்கத் தொடங்குவது அந்த டேப்பில்தான். கேம்ப் நடத்துங்கள், நல்லதுதான். அதைக் கம்பெனியின் சொந்தச் செலவில் நடத்துங்கள். அதற்கு முன்பு லைனில் ஒரு நடை நடந்து எத்தனை மெஷினில் டேப் இருக்கிறது என்று பாருங்கள்.

"வெள்ள நிவாரணத்துக்கு என்று சொல்லி எல்லோருக்கும் ஒரு நாள் சம்பளத்தைப் பிடித்துவிட்டார்கள். யாரையும் கேட்கவில்லை. முதலமைச்சரிடம் செக் கொடுக்கும் போட்டோவில் முதலாளி மட்டும் நிற்கிறார்." – செங்கல்பட்டு

உங்கள் சம்மதம் இல்லாமல் நன்கொடைக்காகச் சம்பளத்தில் கை வைக்க முடியாது. எழுத்தில் சம்மதம் வாங்கியிருக்க வேண்டும். உங்களிடம் பிடித்த பணத்தைக் கம்பெனியின் சி.எஸ்.ஆர். என்று காட்டவும் முடியாது. கம்பெனி தன் பணத்தையே முதலமைச்சர் நிவாரண நிதிக்குக் கொடுத்தாலும் அது சி.எஸ்.ஆரில் சேராது என்று 2020-இல் கொரோனா நேரத்திலேயே அமைச்சகம் தெளிவாகச் சொல்லிவிட்டது. தனியாகப் போய்க் கேட்காதீர்கள். பத்துப் பேர் கையெழுத்துப் போட்டு எச்.ஆரிடம் ஒரு கடிதம் கொடுங்கள்.

"ஜவுளிக்கடையில் சேல்ஸ் கேர்ளாக இருக்கிறேன். காலை பத்து மணிக்கு நின்றால் ராத்திரி ஒன்பதரை வரைக்கும் நிற்க வேண்டும். சாப்பாட்டு நேரம் மட்டும்தான் உட்காரலாம். கேமராவில் பார்த்து உடனே திட்டுகிறார்கள். கடை முதலாளி கோயிலுக்கு அன்னதானம், பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் என்று நிறையச் செய்கிறவர். அவரிடம் எப்படிக் கேட்பது?" – சென்னை

அம்மா, இது உங்களுடைய உரிமை. உதவி கேட்கிற மாதிரி தயங்கி நிற்க வேண்டாம். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்திருக்கிறார்கள். எல்லாப் பணியாளருக்கும் உட்கார இருக்கை போட்டிருக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார விட வேண்டும் என்பது சட்டம். இதற்கு முன்பே 2018-இல் கேரளம் இதைச் செய்தது. அதுவும் தானாக நடந்துவிடவில்லை. கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் நின்று நின்று கால் வீங்கிய பெண்கள், விஜி என்ற தையல்காரப் பெண்மணியோடு சேர்ந்து 'பெண்கூட்டு' என்ற அமைப்பின் வழியாகப் பல ஆண்டு போராடினார்கள்.

நானும் கடைகளில் பார்க்கிறேன். கவுன்ட்டருக்குப் பின்னால் ஸ்டூல் இருக்கும், அதன் மேல் புடவைக் கட்டு அடுக்கியிருக்கும். லேபர் ஆபீசிலிருந்து யாராவது வந்தால் கட்டு இறங்கும், அவர் போனதும் ஏறிவிடும். கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொண்ட பெண்கள் வலியை மறைக்கச் சிரித்துக்கொண்டே புடவையை விரிக்கிறார்கள். பாத்ரூம் போகப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கிறவர்களும் உண்டு. வெளியில் அன்னதானம் செய்கிறவருக்கு இது கண்ணில் படாமல் போவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

முதலில் ஃப்ளோர் மேனேஜரிடம் நாலைந்து பேராகப் போய்ப் பேசுங்கள். கூட்டம் இல்லாத மதிய நேரத்தில் முறை வைத்து உட்கார்ந்துகொள்கிறோம் என்று நீங்களே ஒரு ஏற்பாட்டைச் சொல்லுங்கள். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் உங்கள் பகுதித் தொழிலாளர் துறை உதவி ஆய்வாளருக்கு மனு கொடுங்கள். மனுவில் பெயர் வெளியே தெரிய வேண்டாம் என்று குறிப்பிடுங்கள்.

"பர்ச்சேஸில் இருக்கிறேன். தீபாவளிக்கு ஒரு சப்ளையர் ஸ்வீட் பாக்ஸோடு தங்கக் காசும் அனுப்பியிருக்கிறார். திருப்பிக் கொடுத்தால் மனசு சங்கடப்படுவார். எல்லோரும் வாங்குகிறார்கள்." – கோவை

ஸ்வீட்டை ஆபீசில் பிரித்து எல்லோரும் சாப்பிடுங்கள். காசைத் திருப்பிக் கொடுங்கள். அது ஆபீசுக்கு வந்ததா, வீட்டு விலாசத்துக்கு வந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. வீட்டுக்கு வந்திருந்தால், உங்கள் வீட்டு விலாசத்தை அவர் எங்கே பிடித்தார் என்பதையும் யோசியுங்கள். திருப்பிக் கொடுத்த அன்றே மேலதிகாரிக்கு இரண்டு வரி மெயில் போடுங்கள். அடுத்த கொட்டேஷனில் அவருக்கே நியாயமாக ஆர்டர் கிடைத்தாலும் யாரும் உங்களைச் சந்தேகப்பட மாட்டார்கள்.

"40 மெஷின் வைத்து எக்ஸ்போர்ட்டர்களுக்குக் கூலிக்கு ஜாப் ஒர்க் செய்கிறேன். எங்கள் அளவுக்கு சி.எஸ்.ஆர். சட்டம் பொருந்தாது. ஆனால் எக்ஸ்போர்ட்டர்களிடம் சரக்கு வாங்கும் பையரின் ஆடிட் வரும்போது ஓவர்டைம் இல்லாத வேறு ரிஜிஸ்டரைக் காட்டச் சொல்கிறார்கள் எக்ஸ்போர்ட்டர்கள். மாட்டேன் என்றால் ஆர்டர் போய்விடும்." – திருப்பூர்

உங்கள் நெருக்கடி எனக்குப் புரிகிறது. ஷிப்மென்ட் தேதியைச் சுருக்குகிறவரும் பையர்தான், பீஸ் ரேட்டைக் குறைக்கிறவரும் அவர்தான், ஓவர்டைம் கூடாது என்று ஆடிட்டரை அனுப்புகிறவரும் அவரேதான். பழி மட்டும் உங்கள் தலையில் விழுகிறது. இருந்தாலும் இரண்டாவது ரிஜிஸ்டரை எழுதாதீர்கள்.

கராச்சியில் அலி எண்டர்பிரைசஸ் என்ற ஆடைத் தொழிற்சாலைக்கு 2012 ஆகஸ்டில் எஸ்.ஏ.8000 சான்றிதழ் கிடைத்தது. உலக அளவில் மதிக்கப்படுகிற தொழிலாளர் நலச் சான்றிதழ் அது. சில வாரம் கழித்து, செப்டம்பர் 11 அன்று, அங்கே தீப்பிடித்தது. ஜன்னல்களுக்குக் கம்பி, வெளியேறும் வழிகளுக்குப் பூட்டு. 250 பேருக்கு மேல் செத்தார்கள். ஆடிட் பேப்பர் சுத்தமாகத்தான் இருந்தது. பொய் ரிஜிஸ்டர் காட்டிப் பழகிய இடத்தில் பூட்டிய கதவையும் யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஓவர்டைமுக்குச் சட்டப்படி இரட்டிப்புச் சம்பளம். அதைப் போட்டு ரேட் கணக்குச் செய்து, எக்ஸ்போர்ட்டரிடம் எழுத்தில் கொடுங்கள். தனி ஆளாகப் போனால் அடுத்த யூனிட்டுக்கு ஆர்டரைத் தூக்கிக் கொடுப்பார் என்பது நிஜம். அதனால் உங்கள் ஜாப் ஒர்க் சங்கத்தில் இதைப் பேச்சாக எடுங்கள். கூலி உயர்வுக்குச் சேர்ந்து நிற்கத் தெரிந்த ஊர் அது, இதற்கும் நிற்க முடியும். இன்று ராத்திரியே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது: பின்பக்கக் கதவின் பூட்டைக் கழற்றுங்கள். நூல் பேல் எதுவும் வழியில் கிடந்தால் எடுத்துவிடுங்கள்.

"அக்கவுன்ட்ஸில் இருக்கிறேன். ஒரு டிரஸ்டுக்கு சி.எஸ்.ஆர். என்று 40 லட்சத்துக்குச் செக் போகிறது. அவர்கள் கமிஷன் எடுத்துக்கொண்டு மீதியைக் கேஷாகத் திருப்பித் தருகிறார்கள். பில்கள் என் கையால்தான் போகின்றன. வாயைத் திறந்தால் வேலை போகும்." – சென்னை

வேலை போவதை விடப் பெரிய ஆபத்தில் இருக்கிறீர்கள். சி.எஸ்.ஆர். பணம் ஒப்புதல் பெற்ற வேலைக்கே செலவானது என்று நிதித் தலைவர் சான்று தர வேண்டும். அந்தச் சான்றுக்கு அடியில் இருப்பவை நீங்கள் போட்ட வவுச்சர்கள். இது மோசடி. கம்பெனிகள் சட்டத்தின் 447-வது பிரிவில் தொகை 10 லட்சத்தைத் தொட்டாலே குறைந்தது ஆறு மாதம், அதிகம் பத்தாண்டு சிறை. மாட்டும்போது முதலாளி 'அக்கவுன்ட்ஸ் பார்த்த தவறு' என்று சொல்வதற்கு நேரமே ஆகாது.

உங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு குறைவு என்பதை மறைக்க மாட்டேன். தேசிய நெடுஞ்சாலைத் திட்டத்தில் நடந்த ஊழலைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதிய பொறியாளர் சத்யேந்திர துபே 2003-இல் கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன் பிறகு கேட்டுக் கேட்டு 2014-இல் வந்த, ஊழலை வெளியே சொல்கிறவர்களுக்கான பாதுகாப்புச் சட்டம் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. வந்தாலும் அது அரசு ஊழியர்களின் முறைகேட்டைப் பற்றியது, தனியார் கம்பெனிக்கு உதவாது.

ஆனால் வழி இருக்கிறது. உங்கள் கம்பெனி பங்குச் சந்தையில் இருந்தாலோ, வங்கிக் கடன் 50 கோடியைத் தாண்டியிருந்தாலோ, புகார் தெரிவிக்கும் முறை ஒன்றை வைத்திருப்பது கட்டாயம். தேவைப்பட்டால் ஆடிட் கமிட்டித் தலைவரையே நேரடியாக அணுகலாம். அந்த அளவு பெரிய கம்பெனி இல்லையென்றால் சட்டப்படி கம்பெனிக் கணக்கைத் தணிக்கை செய்கிற ஸ்டேச்சுட்டரி ஆடிட்டரிடம் போங்கள். ஒரு கோடிக்குக் கீழான மோசடி என்றாலும், தெரியவந்த இரண்டு நாளுக்குள் அவர் ஆடிட் கமிட்டிக்கோ போர்டுக்கோ எழுதியாக வேண்டும். அவர் பேசாமல் இருந்தால் அவருடைய உரிமத்துக்கே ஆபத்து, அதனால் உங்களை அலட்சியம் செய்ய மாட்டார்.

அதற்கு முன்னால் ஒரு வக்கீலைப் பாருங்கள். எந்தத் தேதியில், எந்த வவுச்சர், யார் சொல்லிப் போட்டீர்கள் என்று வீட்டில் உட்கார்ந்து வரிசையாக எழுதுங்கள். கம்பெனி ஃபைல்களை அள்ளிக்கொண்டு வராதீர்கள், உங்கள் மேலேயே திருட்டு கேஸ் போடுவார்கள். இந்த மாதப் பில்லில் கையெழுத்துப் போடாதீர்கள். காரணம் கேட்டால், ஒப்புதல் கடிதம் இல்லாமல் போட முடியாது என்று மெயிலில் பதில் சொல்லுங்கள்.